தண்ணீரும் உப்பும்: உடம்பின் நீர்க்கணக்கை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியம்மாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வயது 76. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தனியாகச் சமைத்து, கோழி வளர்த்து, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்வந்த மனிசி, ஒரு வைகாசி மாதத்தில் மூன்றே நாளில் மாறிப்போனார். செத்துப்போன பெரியப்பாவுக்குச் சோறு போட்டு மூடி வைத்தார். நடக்கும்போது தள்ளாடினார். சத்தி வருவதுபோல இருக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளினார். மருத்துவ வாட்டில் 18 வருடம் தாதியாக வேலை செய்த நான்கூட முதல் நாள் "வயது போய்விட்டது" என்றுதான் எண்ணினேன். வைத்தியசாலையில் குருதி எடுத்துப் பார்த்தால், உப்பிலுள்ள சோடியம் லீற்றருக்கு 116 மில்லிமோல். இருக்க வேண்டிய அளவு 135 இலிருந்து 145 வரை.

காரணம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தது. பிரஷருக்குக் கொடுத்த குளிசை சலத்தோடு சோடியத்தையும் வெளியேற்றும் வகை. பிரஷர் இருக்கிறது என்று கறியில் உப்பை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார். அதற்கு மேல், வெயில் காலம் என்று போகிறவர் வருகிறவர் எல்லோரும் "நிறையத் தண்ணி குடியுங்கோ" என்று சொல்ல, அவரும் சொல்வழி கேட்டு ஒரு நாளைக்கு நாலு லீற்றருக்கு மேல் குடித்திருக்கிறார். உப்பு போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இந்த வழிகாட்டியை எழுத வைத்தது அந்த மூன்று நாள்தான். "தண்ணீர் குடி" என்பது பாதி அறிவுரை. உடம்பிலிருந்து எது போனது, எவ்வளவு போனது என்று பார்த்து அதையே திருப்பிக் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் வியர்த்தவருக்கும், வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கும், டெங்குக் காய்ச்சல்காரருக்கும், சிறுநீரகம் பழுதடைந்தவருக்கும் கொடுக்க வேண்டியது ஒன்றல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: உடம்பில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் சுமார் 42 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. எடையில் 60 வீதம். பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு, முதியவர்களுக்கு இன்னும் குறைவு. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 75 வீதம்.

அந்த 42 லீற்றரில் 28 லீற்றர் கலங்களுக்குள் இருக்கிறது. மீதி 14 லீற்றர் கலங்களுக்கு வெளியே. அதிலும் குருதிக் குழாய்களுக்குள் ஓடுகிற திரவவிழையம், அதாவது குருதியின் நீர்ப்பகுதி, மூன்று, மூன்றரை லீற்றர்தான். வயிற்றோட்டத்தில் இரண்டு லீற்றர் போனால் ஆள் ஏன் மயங்கி விழுகிறார் என்பது இந்தச் சின்ன எண்ணிலேயே விளங்கும். பெரிய தொட்டி கலங்களுக்குள் இருக்கிறது. ஆனால் இதயம் இறைத்துச் சுற்றவிடுவது அந்தச் சிறிய தொட்டியைத்தான்.

கலத்தின் சவ்வு வழியாகத் தண்ணீர் போய்வரும். உப்பு அப்படிச் சுலபமாகப் போய்வராது. உப்பு எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். பாடசாலையில் பிரசாரணம் என்று படித்தது இதுதான். மாங்காயை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் ஒரு மணி நேரத்தில் சட்டியின் அடியில் தண்ணீர் நிற்கும். பாயாசத்தில் போட்ட முந்திரிகை வற்றல் ஊதிவிடும். உப்பிட்ட மாங்காய் தண்ணீரை இழந்தது, வற்றல் தண்ணீரை இழுத்தது.

பெரியம்மாவுக்கு நடந்தது வற்றலின் கதை. குருதியில் உப்புக் குறைந்ததும் தண்ணீர் கலங்களுக்குள் இறங்கியது. கையிலும் காலிலும் கலம் கொஞ்சம் வீங்கினால் பெரிதாகத் தெரியாது. மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது, வீங்க இடமில்லை. அதனால்தான் தடுமாற்றம், சத்தி, தள்ளாட்டம். இன்னும் குறைந்திருந்தால் வலிப்பு வந்திருக்கும்.

படி 2: எந்த உப்பு எங்கே நிற்கிறது

தண்ணீரில் கரைந்து மின்னேற்றம் உள்ள அயன்களாகப் பிரிகிற பொருட்களை மின்பகுபொருட்கள் என்கிறோம். நம் வீட்டுக் கணக்குக்கு முக்கியமானவை இரண்டு.

சோடியம் கலத்துக்கு வெளியே நிற்பது. ஆனையிறவு உப்பில் இருப்பது சோடியம் குளோரைட்டு. குருதியில் லீற்றருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கிறது, கலத்துக்குள் 10, 15 தான். பொற்றாசியம் நேர் எதிர்: கலத்துக்குள் 140, வெளியே 3.5 இலிருந்து 5 வரை. உடம்பின் பொற்றாசியத்தில் 98 வீதம் உள்ளேதான். இந்த இரண்டையும் பிரித்து வைப்பது கலச் சவ்விலுள்ள ஒரு பம்பி. ஒவ்வொரு முறையும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். 1957 இல் இதைக் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூவுக்கு 40 வருடம் கழித்து, 1997 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்காவது இந்தப் பம்பிகளை ஓட்டப் போகிறது. நரம்பில் செய்தி ஓடுவதும் இதயம் அடிப்பதும் இந்தப் பிரிவினையை நம்பித்தான்.

கல்சியமும் மக்னீசியமும் தசைக்கும் நரம்புக்கும் வேண்டியவை. நம் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் கல்சியம் தாராளமாக இருக்கிறது, கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் காறல் அதன் சாட்சி. ஆனால் அந்தக் கடினநீர் வியர்வையில் போன சோடியத்துக்கு ஈடாகாது. தீவகத்திலும் கரையோரத்திலும் கிணறு உவர்த்துப்போன இடங்களில் கதை வேறு. தண்ணீரில் சோடியம் லீற்றருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் நாக்குக்கு உவர்ப்புத் தெரியும். பிரஷர்காரர் அப்படியான தண்ணீரைக் குடித்தால் அதையும் உப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 3: உடம்பு தானாகச் செய்கிற வேலையைக் குழப்பாதீர்கள்

குருதியின் செறிவு ஒன்றிரண்டு வீதம் ஏறினாலே மூளை அறிந்துவிடும். உடனே தாகம் வரும். கூடவே ஏடிஎச் என்ற ஓமோன் சிறுநீரகத்துக்குப் போய் "தண்ணீரைப் பிடித்து வை" என்று சொல்லும். சோடியத்தைப் பிடித்து வைக்கச் சொல்வது அல்டொஸ்டெரோன் என்ற இன்னொரு ஓமோன். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு 180 லீற்றர் வடிகட்டி, அதில் ஒன்றரை லீற்றரளவை மட்டும் சலமாக விட்டு, மற்றதெல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கின்றன. கழிவை வெளியேற்ற ஒரு நாளைக்கு அரை லீற்றர் சலமாவது போகவேண்டும்.

சுகதேகிக்கு இந்த ஏற்பாடு போதும். தாகம் எடுத்தால் குடியுங்கள், சாப்பாட்டில் உப்பு இருக்கிறது, மிச்சத்தைச் சிறுநீரகம் பார்க்கும். இந்த ஏற்பாடு தடுமாறுகிற இடங்கள்தான் கீழே வரும் படிகள்.

படி 4: உங்கள் சாதாரண நாளின் கணக்கை எழுதிப் பாருங்கள்

நிழலில் இருந்து வேலை செய்கிற ஒருவருக்குச் சலமாக ஒன்றரை லீற்றர், தோலாலும் மூச்சாலும் தெரியாமல் போகிற முக்கால் லீற்றரளவு, மலத்தில் 100, 200 மில்லிலீற்றர். மொத்தம் இரண்டரை லீற்றர். இதில் சோறு, கறி, பழம் ஆகியவற்றிலிருந்தே முக்கால் லீற்றரளவு வந்துவிடும். உணவு எரியும்போது உடம்புக்குள்ளேயே கால் லீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உண்டாகிறது. ஆக, குடிக்க வேண்டியது ஒன்றரை லீற்றரைச் சுற்றி. தேத்தண்ணியும் சொதியும் இதில் சேரும். "எல்லோரும் எட்டுக் கிளாஸ்", "எல்லோரும் நாலு லீற்றர்" என்பதற்கு அடிப்படை கிடையாது.

சரி பிழை பார்க்க இரண்டு வழி போதும். சலம் வைக்கோல் நிறத்தில் இளமஞ்சளாக இருந்தால் நல்லது. பிளேன்ரீ நிறத்துக்குப் போனால் தண்ணீர் குறைவு. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் போலவே போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள். விற்றமின் பி குளிசை போடுகிறவர்கள் நிறத்தை நம்ப வேண்டாம், அது எப்படியும் கடும் மஞ்சளாக்கும். இரண்டாவது வழி தராசு. ஒரே நாளுக்குள் எடை ஒரு கிலோ மாறினால் அது கொழுப்போ தசையோ அல்ல, ஒரு லீற்றர் தண்ணீர்.

படி 5: வியர்க்கிற வேலை, வியர்க்கிற திருவிழா

சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு தரம்: ஏப்ரல் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டோடு, மறுபடி ஓகஸ்ட் கடைசியில். இரண்டாவது பெரும்பாலும் நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவை ஒட்டியே வருகிறது. இடையில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள். சோளகம் வியர்வையை வந்த கையோடு காயவைத்துவிடுவதால், எவ்வளவு போகிறது என்பதே தெரியாது. சட்டையில் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துத்தான் உணர வேண்டும்.

வெங்காயத் தோட்டத்தில் காலையிலிருந்து நிற்பவருக்கான கணக்கை இப்படிப் போடலாம். வேலைக்கு முன் எடை 62 கிலோ. திரும்பி வந்தபின் 60.5. இடையில் குடித்தது ஒரு லீற்றர். ஆகவே போனது இரண்டரை லீற்றர். ஒரு லீற்றர் வியர்வையில் உப்பு ஒரு கிராமிலிருந்து நாலு கிராமுக்கு மேல்கூட இருக்கும், ஆளுக்கு ஆள் வேறு. இரண்டரை லீற்றரில் ஒரு தேக்கரண்டி உப்பே போயிருக்கலாம். இதற்குப் பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் பின்னேரம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், தலை இடிக்கும்.

நம்மூரில் பழைய ஆட்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோனது உப்புப் போட்ட மோரும், உள்ளியும் பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்ட பழஞ்சோற்றுத் தண்ணியும். கணக்குப் பார்த்தால் அது மிகச் சரியான பானம். நாளாந்தம் வியர்க்கிறவர்கள் ஒரு லீற்றர் மோரிலோ தேசிக்காய்த் தண்ணியிலோ கால் தேக்கரண்டி உப்புச் சேர்த்து, 15, 20 நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு கிளாஸ் என்று குடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு லீற்றருக்கு மேல் வேண்டாம். நிழலில் இருப்பவருக்கு இந்தக் கூடுதல் உப்புத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்று சொல்வது அவர்களுக்கானது.

திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலுக்குப் பழகிய உடம்பு வியர்வையில் உப்பைக் குறைத்து விடும், அந்தப் பழக்கம் வர ஒன்றிரண்டு கிழமை வேண்டும். விமானத்தால் இறங்கிய மூன்றாம் நாளே சுடுமணலில் பிரதட்டை செய்பவருக்கும் காவடி எடுப்பவருக்கும் ஊர்க்காரரைவிட உப்பு அதிகம் போகும். தண்ணீர்ப்பந்தலில் சர்பத்தைவிட மோரைத் தேடிக் குடிக்கச் சொல்லுங்கள். வெயிலில் நின்றவர் குழம்பிப் பேசினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

படி 6: வயிற்றோட்டமும் சத்தியும்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளின் உயிர் நேரடியாகத் தங்கியிருக்கிற இடம் இது.

1995 ஐப்பசி இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போய் ஒரு பாடசாலை வகுப்பறையில் தங்கியிருந்தோம். எனக்கு 11 வயது, தம்பிக்கு 3. அவனுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. மருந்து கிடைக்கிற நிலைமை இல்லை. அம்மா கொதித்தாறிய தண்ணீரில் சீனியும் உப்பும் கரைத்து, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் விடியும் வரை கரண்டி கரண்டியாகப் பருக்கினார். சத்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி. விடியக் காலையில் அவன் சலம் போனபோது அம்மா அழுதார். சலம் போனதற்கு ஏன் அழுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அம்மா செய்ததன் பின்னால் ஒரு பெரிய கண்டுபிடிப்பு இருக்கிறது. குடலின் சுவரில் ஒரு வாசல் உண்டு. அதனூடாகக் குளுக்கோசு போகவேண்டுமானால் சோடியத்தையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் போகும். இரண்டும் போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். வாந்திபேதியில் (கொலரா) குடல் தண்ணீரை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த வாசல் கெடுவதில்லை. 1971 இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் எல்லையோர அகதி முகாம்களில் வாந்திபேதி பரவி, ஏற்றுவதற்குச் சேலைன் தீர்ந்துபோனது. வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோசும் உப்பும் அப்பச்சோடாவும் கலந்து பெரிய பரல்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே பருக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேரளவில் செத்துக்கொண்டிருந்த இடத்தில் இறப்பு நாலுக்கும் கீழே இறங்கியது.

நம் மருந்துக்கடைகளில் ஜீவனி என்று வாங்குவது இதன் வாரிசு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2002 இல் திருத்திய அளவின்படி, ஒரு லீற்றரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம்.

கரைக்கும்போது நடக்கிற பிழைகள்தான் என்னை வருத்துவது. முதலாவது போத்தல். எங்கள் வீடுகளில் "ஒரு போத்தல்" என்றால் பெரும்பாலும் 750 மில்லிலீற்றர். ஒரு லீற்றருக்கான பையை அதில் கரைத்தால் மூன்றில் ஒரு பங்கு தடிப்பாகிவிடும், குழந்தைக்கு அது ஆபத்து. ஒரு லீற்றர் என்று எழுதிய குடிதண்ணீர்ப் போத்தலால் அளவுங்கள். பையின் மேல் என்ன அளவு போட்டிருக்கிறது என்றும் பாருங்கள், சின்னப் பைகளும் உண்டு. இரண்டாவது, பையில் பாதியைக் கொட்டி அரை லீற்றரில் கரைப்பது. பைக்குள் உப்பும் குளுக்கோசும் சமனாகக் கலந்திருக்கும் என்று நம்ப முடியாது, முழுப் பையையும் ஒரே தரத்தில் கரைக்க வேண்டும். கரைத்ததைச் சூடாக்காதீர்கள், சீனி சேர்க்காதீர்கள், 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

பை கிடைக்காதபோது: கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், மட்டமாக வழித்த தேக்கரண்டியால் சீனி 6, தூள் உப்பு அரை. கல்லுப்பு வேண்டாம், கரண்டியில் அளவு பிடிபடாது. கரைத்ததும் நீங்களே ருசி பாருங்கள், கண்ணீரைவிட உவர்ப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது, மாப்பொருள் குடலில் குளுக்கோசாக உடைந்து அதே வாசலால் போகும்.

அளவு: இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றாலே போனபின்னும் 50 இலிருந்து 100 மில்லிலீற்றர். 2 இலிருந்து 10 வயது வரை 100 இலிருந்து 200. பெரியவர்கள் கேட்கிற அளவு. சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, சாப்பாட்டையும் பட்டினி போட வேண்டாம். போத்தல் சோடா வகைகளைக் கொடுக்காதீர்கள். அவற்றில் சீனி மிக அதிகம், உப்பு இல்லையென்றே சொல்லலாம். கூடுதல் சீனி குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். இளநீரிலும் பொற்றாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. ஜீவனியோடு சேர்த்துக் கொடுக்கலாம், ஜீவனிக்குப் பதிலாக வேண்டாம்.

வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பாருங்கள். உடனே சமனாக வேண்டும். மெதுவாகப் போனாலும், கண் குழி விழுந்தாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும், பிள்ளை ஆவலோடு பாய்ந்து குடித்தாலும் உடம்பில் நீர் குறைந்துவிட்டது. அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த நிலையில் கிலோவுக்கு 75 மில்லிலீற்றர் வீதம் நாலு மணி நேரத்தில் கொடுப்பார்கள், 10 கிலோப் பிள்ளைக்கு 750. தோல் இரண்டு செக்கனுக்கு மேலும் மடிந்தே நின்றால், பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், ஆறு மணி நேரமாகச் சலம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே முதலில் போங்கள், யாழ். போதனா வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும் என்று தூரம் ஓட வேண்டாம். வழியிலும் கரண்டியால் பருக்கிக்கொண்டே போங்கள்.

இன்னொன்று. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சுகமாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் கொடுக்கவே கூடாது. வெயில் என்று பரிதாபப்பட்டு அம்மம்மாமார் கொடுப்பார்கள். அந்தச் சின்னச் சிறுநீரகத்தால் கூடுதல் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் சோடியம் இறங்கிவிடும். தாய்ப்பாலிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது.

படி 7: டெங்குக் காய்ச்சலில் கணக்கு தலைகீழ்

மாரி தொடங்கினால் இங்கே டெங்கும் தொடங்கும், கார்த்திகையிலிருந்து தை வரை மோசம். இதில் தண்ணீர் உடம்பை விட்டுப் போவதில்லை. காய்ச்சல் விடுகிற நேரத்தில், சிலருக்குக் குருதிக் குழாய்களிலிருந்து திரவவிழையம் நெஞ்சறைக்குள்ளும் வயிற்றறைக்குள்ளும் கசியும். 24 இலிருந்து 48 மணி நேரம் வரை கசிவு நீடித்து, பிறகு அந்தத் தண்ணீர் குழாய்க்குள் திரும்பி வரும். குறைத்துக் கொடுத்தால் அதிர்ச்சி நிலை. அளவில்லாமல் கொடுத்தால் திரும்பி வரும்போது நுரையீரல் நிறையும்.

ஆகவே வீட்டில் இருக்கிற நாட்களில் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றரளவு, 50 கிலோவுக்குக் குறைந்தவருக்குக் கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். வெறும் தண்ணீராக வேண்டாம்: ஜீவனி, கஞ்சி, இளநீர், பழச்சாறு. சிவப்பு, மண்ணிறப் பானங்கள் வேண்டாம், சத்தி எடுத்தால் இரத்தமா என்று பிரித்தறிய முடியாது. குடித்ததையும் சலத்தையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள், வாட்டில் அதைத்தான் முதலில் கேட்போம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். மூன்றாம் நாளுக்குள் குருதிப் பரிசோதனை. காய்ச்சல் விட்டபின் கை கால் குளிர்ந்தாலோ, வயிறு நொந்தாலோ, சத்தி நிற்காவிட்டாலோ, சலம் குறைந்தாலோ சுகம் வந்துவிட்டது என்று எண்ணாமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

படி 8: வீட்டில் முதியவர் இருந்தால்

வயது போகப் போகத் தாகம் மங்கும், சிறுநீரகம் தண்ணீரைப் பிடிக்கிற திறனும் விடுகிற திறனும் குறையும். அதனால் முதியவர் இரண்டு பக்கமும் சறுக்குவார். இரவில் எழும்ப வேண்டுமே என்று குடிக்காமல் விட்டுக் காய்வதும் நடக்கும், பெரியம்மாவைப் போல் மிதமிஞ்சிக் குடிப்பதும் நடக்கும்.

முதல் வேலையாகக் குளிசைப் பையைக் கொட்டிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைட், இன்டப்பமைட் என்று இருந்தால் சோடியம் இறங்கக்கூடும். புரூசமைட் சலத்தைக் கூட்டும், பொற்றாசியத்தையும் கொண்டுபோகும். மனத்தளர்ச்சிக்கான சில குளிசைகளும் சோடியத்தைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக் நாளில் "எலக்ட்ரோலைட் (மின்பகுபொருட்கள்) பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். வயிற்றோட்டமோ சத்தியோ வந்த நாட்களில் எந்தக் குளிசையை விட்டுவைக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கந்தசட்டி போன்ற விரதங்களுக்கும் அதே கேள்வி. நீரிழிவுக் குளிசையும் சலக் குளிசையும் போட்டுக்கொண்டு ஆறு நாள் உபவாசம் இருப்பது பக்தியால் மட்டும் தாங்கக்கூடியதல்ல, ஒரு நேரம் உப்போடு சாப்பிடுகிற முறையில் விரதத்தைப் பிடிக்கச் சொல்லி அன்போடு இணங்க வையுங்கள்.

சோடியம் குறைந்து வைத்தியசாலையில் சேர்த்தபின் "ஏன் இன்னும் ஏற்றுகிறார்கள் இல்லை, உப்புத்தானே" என்று கோபப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நாட்பட்டுக் குறைந்த சோடியத்தை ஒரே நாளில் 8, 10 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தினால் மூளையின் நரம்பு உறைகள் சிதைந்து நிரந்தரமாக முடமாகலாம். மெதுவாகப் போவது அக்கறையின்மை அல்ல.

படி 9: சிறுநீரகம், இதயம் பழுதானவர்

இவர்களுக்கு இதுவரை சொன்ன அளவுகள் பொருந்தாது. வைத்தியர் சொன்ன லீற்றர்தான் அளவு, காலையில் எடை பார்த்து எழுதுவதுதான் வழி. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

சிறுநீரக நோயாளிக்குப் பெரிய பயம் பொற்றாசியம். 6 ஐத் தாண்டினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயம் நின்றுபோகலாம். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பாசத்தோடு கொண்டுவருவது இளநீரும் வாழைப்பழமும். ஒரு பெரிய இளநீரில் ஒரு வாழைப்பழத்தைவிடக் கூடுதல் பொற்றாசியம் இருக்கிறது. முருங்கையிலை, கீரை வகைகளை அவித்து அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுச் சமைத்தால் ஓரளவு குறையும். "பிரஷருக்கு நல்லது" என்று விற்கிற குறைந்த சோடிய உப்பில் இருப்பது பொற்றாசியம் குளோரைட்டு, அதை இவர்களின் குசினியில் வைக்கவே கூடாது. லொசார்ட்டன், எனலப்பிரில், ஸ்பைரனோலக்டோன் போடுகிறவர்களும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

படி 10: அறிக்கை கையில் வந்தால்

குருதியிலுள்ள மின்பகுபொருட்களை அளக்கிற, வாட்டில் எஸ்ஈ என்று சொல்லும் பரிசோதனையில் சோடியம் 135 - 145, பொற்றாசியம் 3.5 - 5.0, குளோரைட்டு 98 - 106 என்பவை வழமையான எல்லைகள். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று மாறும், அதனால் அறிக்கையில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் பொற்றாசியம் மட்டும் திடீரென்று உயர்ந்திருந்தால், குருதி எடுத்த குழாயில் செங்குழியங்கள் உடைந்ததாலும் அப்படி வரலாம். வைத்தியர் திரும்ப எடுக்கச் சொன்னால் அலைச்சல் என்று சலிக்காதீர்கள். பழைய அறிக்கைகளை எறியாமல் திகதி வரிசையில் ஒரு கோப்பில் வையுங்கள். சோடியம் 132 என்ற எண் ஒருவருக்குப் புதிது, இன்னொருவருக்கு அது மூன்று வருடமாக உள்ள எண். வைத்தியருக்கு இரண்டும் ஒன்றல்ல.

பெரியம்மா ஆறாம் நாள் 133 இல் வீட்டுக்கு வந்தார். படலையில் கால் வைத்ததும் கேட்டது, "ஆர் கோழிக்குத் தீன் போட்டது?" குளிசை மாற்றியாகிவிட்டது. கறியில் அளந்து உப்புப் போடுகிறார். மேசையில் ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்று இருக்கிறது. அதில் காலை, மத்தியானம், பின்னேரம் என்று நகப்பூச்சால் மூன்று கோடு கீறி வைத்திருக்கிறார். யாராவது "நிறையத் தண்ணி குடியுங்கோ" என்றால் கோட்டைக் காட்டுகிறார்.